ஊரகக் குற்றத் தடுப்புக் கூட்டணிகள்: இங்கிலாந்தின் கிராமங்களில் வாழ்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராமப்புற மாவட்டங்களில் கடை, தபால் நிலையம், பண்ணை என்று தொழில் செய்கிறவர்களுக்கும், பாரிஷ் கவுன்சிலில் (ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம்) புதிதாக உறுப்பினர் ஆனவர்களுக்கும் இந்தப் பக்கம். சட்டத்தின் பெரும்பகுதி வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு வேறு.

கம்யூனிட்டி சேஃப்டி பார்ட்னர்ஷிப் என்றால் என்ன?

குற்றத்தைக் குறைக்கும் பொறுப்பை போலீஸ் தலையில் மட்டும் கட்டாமல், பல அரசு அமைப்புகளின் தலையிலும் சட்டப்படி ஏற்றி வைத்த ஏற்பாடு. 1991இல் வந்த மார்கன் அறிக்கை இதைப் பரிந்துரைத்தது. 1998ஆம் ஆண்டின் கிரைம் அண்ட் டிஸார்டர் சட்டம் கட்டாயமாக்கியது. முதலில் பெயரிலேயே 'குற்றக் குறைப்பு' இருந்தது. 2010இல்தான் இப்போதைய பெயர் வந்தது. கீழே நாம் சுருக்கமாகக் 'கூட்டணி' என்றே சொல்வோம்.

அதில் யார் யார் இருக்கிறார்கள்?

சட்டத்தின் 5ஆம் பிரிவு கட்டாய உறுப்பினர்களைச் சொல்கிறது: போலீஸ், உள்ளூர் கவுன்சில், தீயணைப்புத் துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, தேசிய சுகாதாரச் சேவையின் வட்டார வாரியம். மாவட்ட கவுன்சிலும் அதற்கு மேல் கவுண்டி கவுன்சிலும் உள்ள இடங்களில் இரண்டுமே உறுப்பினர்கள். இது கிராமப்புறத்தில் முக்கியமான விஷயம். குப்பை அள்ளுவது மாவட்டம், தெருவிளக்கும் சாலையும் பெரும்பாலும் கவுண்டி, வீட்டுவசதி மாவட்டம், சமூகநலப் பணி கவுண்டி. ஒரே புகாருக்கு இரண்டு அலுவலகம் என்பதால், "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடும். அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காமல் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கூட்டணி.

வீட்டுவசதிச் சங்கங்கள், சுற்றுச்சூழல் முகமை, விவசாயிகள் சங்கம், பள்ளிகள், பாரிஷ் கவுன்சில்கள் ஆகியோரை அழைக்கலாம், கட்டாயம் இல்லை. பல மாவட்டங்களில் உண்மையான வேலையைச் செய்பவர்கள் இப்படி அழைக்கப்பட்டு வந்தவர்கள்தான்.

இப்படி ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாதே?

பெரும்பாலும் அப்படித்தான். கூட்டணிக்கெனத் தனி அலுவலகமோ பெயர்ப்பலகையோ இருக்காது. மாவட்ட கவுன்சிலில் ஒன்றிரண்டு அதிகாரிகள்தான் அதன் கைகால். கவுன்சில் இணையதளத்தில் 'கம்யூனிட்டி சேஃப்டி' என்று தேடினால் இரண்டு ஆவணங்கள் கிடைக்க வேண்டும். ஒன்று, ஆண்டுதோறும் செய்யும் மதிப்பீடு. மற்றொன்று, மூன்றாண்டுத் திட்டம். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். கூட்டணியின் வேலையைக் கேள்வி கேட்க கவுன்சிலர்களின் குழு ஒன்று இருக்க வேண்டும், அது ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் போலீஸ் அண்ட் ஜஸ்டிஸ் சட்டத்தின் கீழ் விதி உள்ளது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அந்தக் கூட்டத்தின் தேதியைக் கேட்டாலே போதும், பாதிக் கதவு திறந்துவிடும்.

நகரத்துக்கு எழுதிய திட்டம் கிராமத்துக்கு ஏன் பொருந்துவதில்லை?

தூரம் ஒரு காரணம். திருடன் வந்துபோய் வெகுநேரம் கழித்துத்தான் யாருக்கும் தெரியவரும். போலீஸ் வண்டி வந்து சேர இன்னும் நேரம் ஆகும். அதனால் 'ரோந்தைக் கூட்டுங்கள்' என்ற தீர்வு இங்கே அதிகம் உதவாது. ஐநூறு ஏக்கர் நிலத்தை ஒரு வண்டி எத்தனை முறை சுற்றினாலும், திருட்டு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அது வேறெங்கோதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், மக்கள் புகார் கொடுப்பதில்லை. "சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். புகார் இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரிகூட வராது, வரி இல்லையென்றால் பணமும் ஆளும் பக்கத்து நகரத்துக்குப் போய்விடும். இந்தச் சுழலை உடைப்பதுதான் கிராமப்புறக் கூட்டணியின் முதல் வேலை என்பது எங்கள் கருத்து. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

போலீஸ் இணையதள வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் குற்றமே இல்லை. சந்தோஷப்படலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்த வரைபடத்தில் குற்றம் நடந்த சரியான இடம் காட்டப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காண முடியாதபடி, முன்கூட்டியே குறித்து வைத்த ஏதாவது ஒரு புள்ளிக்கு ஒவ்வொரு சம்பவமும் நகர்த்தப்படுகிறது. ஒரு புள்ளியைச் சுற்றிக் குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்க வேண்டும், அல்லது முகவரியே இருக்கக் கூடாது என்பது விதி. நகரத்தில் எட்டு வீடு என்பது தெருவில் பாதி. கிராமத்தில் அது ஒரு மைல் சுற்றளவாகவும் இருக்கலாம். ஆற்றோரக் களத்தில் போன டிரெய்லர் சர்ச் தெருவில் காணாமல் போனதாகத் தெரியும். அல்லது அடுத்த பாரிஷின் கணக்கில் ஏறியிருக்கும்.

உள்ளூர் நிலவரம் வேண்டுமென்றால் கூட்டணியின் ஆய்வாளரிடம் பாரிஷ் வாரியான, பெயர் நீக்கிய எண்ணிக்கையைக் கேளுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். சென்ற ஆண்டு 4 திருட்டு, இந்த ஆண்டு 8 என்றால் '100 சதவீத உயர்வு' என்று தலைப்புப் போடலாம். ஆனால் ஒரே கும்பல் ஒரே இரவில் நான்கு கொட்டகையை உடைத்திருந்தாலும் அதே எண்தான் வரும். சிறிய எண்களில் சதவீதம் பேசுகிறவரிடம் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

ஒரு பிரச்சினையைக் கூட்டணி எப்படிக் கையாள வேண்டும்?

ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாரா' என்று சொல்லும் நான்கு படி முறை பரவலாக உள்ளது: கண்டறி, ஆராய், செயல்படு, மதிப்பிடு. அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் 1979இல் முன்வைத்த 'பிரச்சினையை மையமாகக் கொண்ட காவல்' என்ற யோசனையிலிருந்து, அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் நடந்த வேலையின்போது 1987 வாக்கில் உருவானது. படிப்பதற்கு எளிது. எங்கே சறுக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்த்தால்தான் தெரியும்.

எரிவாயுக் குழாய் வராத கிராமங்களில் வீட்டைச் சூடாக்க மண்ணெண்ணெய் டேங்க் வைத்திருப்பார்கள். 1,000 லிட்டர் அளவு சாதாரணம். குளிர்காலம் நெருங்கும்போது எண்ணெய்த் திருட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'கண்டறி' முடிந்தது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், அடுத்த கூட்டத்திலேயே யாரோ ஒருவர் "ஆளுக்கொரு பூட்டு கொடுப்போம்" என்பார். பூட்டு வாங்கிக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், திருட்டு தொடரும். 'ஆராய்' என்ற படியைத் தாண்டிக் குதித்ததுதான் தவறு.

ஆராயத் தொடங்கினால் முதலில் முட்டுவது நேரம். வீட்டுக்காரருக்குத் திருட்டு தெரிவதே பாய்லர் நின்ற பிறகுதான். கடைசியாக அளவைப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன்பு என்றால், எந்தக் கிழமை, இரவா பகலா என்று எதுவும் சொல்ல முடியாது. ஆகவே புகாரில் இரண்டு தேதிகள் கட்டாயம் வேண்டும்: கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது, குறைந்திருப்பதைக் கண்டது எப்போது. செலவே இல்லாத முதல் நடவடிக்கை, ஞாயிறுதோறும் டேங்க் அளவைக் குறித்து வைக்கச் சொல்வது. இடைவெளி மூன்று வாரத்திலிருந்து ஏழு நாளாகச் சுருங்கும்; ஒரு மாதத்தில் ஒழுங்கு ஏதாவது இருந்தால் வெளியே தெரியும்.

அடுத்து டேங்க்கைப் போய்ப் பார்க்க வேண்டும். சாலையிலிருந்து தெரிகிறதா? வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிறதா? வண்டியை எவ்வளவு அருகில் கொண்டுவரலாம்? மூடியைத் திறந்தார்களா, டேங்க்கின் அடியில் உள்ள குழாயை வெட்டினார்களா, பிளாஸ்டிக்கில் துளை போட்டார்களா? குழாயை வெட்டுகிறவனுக்கு மூடியில் தொங்கும் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. ஊரே சேர்ந்து மொத்தமாக எண்ணெய் வாங்கும் இடங்களில் எல்லா டேங்க்கும் ஒரே நாளில் நிறையும். டேங்கர் லாரியைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் துப்பு வேண்டாம். அப்படியானால் எச்சரிக்கைச் செய்தி அனுப்ப வேண்டிய நாள் விநியோக நாள்தான். மாதத்தின் முதல் தேதி அல்ல.

இதன் பிறகுதான் 'செயல்படு'. அளவு திடீரென்று இறங்கினால் வீட்டுக்குள் ஒலிக்கும் கருவி, வண்டி நெருங்க முடியாதபடி மரக்கட்டை அல்லது முள்வேலி, ஜன்னல் பார்வையை மறைக்கும் புதரை வெட்டுவது. எதை, எந்த வீட்டுக்கு, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே திருட்டுப் போன வீட்டுக்கு முதலில். ஒருமுறை பாதிக்கப்பட்டவருக்கே மறுமுறை நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை 1980களில் ராச்டேலின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் நடந்த வீட்டுத் திருட்டுத் தடுப்புத் திட்டம் நன்றாகக் காட்டியது. எண்ணெய்த் திருட்டுக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு: டேங்க் மறுபடி நிரம்பும், திருடனுக்கு வழியும் தெரியும்.

வெட்டிய குழாயிலிருந்து எண்ணெய் ஓடினால், அது வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ போகும் முன் சுற்றுச்சூழல் முகமையின் 24 மணிநேர எண் 0800 80 70 60ஐ அழையுங்கள். திருட்டை விட மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு பல மடங்கு ஆகிவிடும்.

'ஹேர் கோர்சிங்' என்கிறார்களே, முயல் பிடிப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அறுவடை முடிந்த சமதள வயலில் காட்டு முயலின் மேல் வேட்டை நாய்களை ஏவி, எந்த நாய் வெல்லும் என்று பந்தயம் கட்டுவது இது. பந்தயப் பணம் பெரியது. வேலியை உடைத்து நாலுசக்கர வண்டியில் முளைவிட்ட பயிர் மேல் ஓட்டுவார்கள். தட்டிக்கேட்கும் விவசாயியை மிரட்டுவார்கள். அறுவடை முடிந்ததிலிருந்து வசந்தம் வரை இதன் காலம். லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் போன்ற கிழக்குச் சமவெளி மாவட்டங்களில் இது தீராத தலைவலி.

2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இதைத் தடை செய்தது. ஆனால் நாயை ஏவுவதை நேரில் கண்டால்தான் வழக்கு நிற்கும் என்ற நிலை இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. அந்த ஆண்டு போலீஸ், கிரைம், சென்டென்சிங் அண்ட் கோர்ட்ஸ் சட்டத்தின்படி, நாயை வைத்து முயலைத் தேடும் அல்லது துரத்தும் நோக்கத்தோடு நிலத்தில் அத்துமீறி நுழைவதே குற்றம். அதற்கான பொருளோடு தயாராக இருப்பதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்ட நாய்களைப் பராமரித்த செலவைக் குற்றவாளியிடமே வாங்கலாம், நாய் வைத்திருக்கவும் தடை விதிக்கலாம். கோர்சிங் கும்பலுக்கு அபராதத்தை விட நாயை இழப்பதுதான் வலி.

கூட்டணி செய்யக்கூடியது வயல் வாசலில் இருக்கிறது. ஒரு பாரிஷின் வயல் வாசல்கள் எல்லாவற்றையும் ஆகஸ்டுக்குள் நடந்து பார்த்துப் பட்டியல் போடுங்கள். பயன்படாத வாசலை மண்மேடு, பள்ளம், கான்கிரீட் கட்டை ஆகியவற்றில் ஒன்றால் அடைத்துவிடுங்கள். பயன்படும் கேட்டில் பூட்டை மட்டும் பார்த்தால் போதாது, கீலைப் பாருங்கள். இரண்டு கீல் முளைகளும் மேல் நோக்கி இருந்தால் கேட்டை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம், பூட்டு பூட்டியபடியே தொங்கும். மேல் முளையைக் கீழ்நோக்கித் திருப்பிப் பொருத்தினால் அந்த வழி அடைபடும். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். பொது நடைபாதையை அடைத்துவிட்டு கவுண்டியிடமிருந்து கடிதம் வாங்குவது ஒன்று. தீயணைப்பு வண்டி வரும் வழியை அவர்களிடம் சொல்லாமல் அடைப்பது மற்றொன்று. தீயணைப்புத் துறையும் கூட்டணி உறுப்பினர்தானே, ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை.

கும்பலைப் பார்த்தால் நடந்துகொண்டிருக்கும் குற்றம் என்று 999. அருகே போகாதீர்கள். வண்டி எண், ஆட்கள் எத்தனை பேர், நாய்கள் எத்தனை, எந்தத் திசை. இடத்தைச் சொல்ல வாட்-த்ரீ-வேர்ட்ஸ் செயலியின் மூன்று சொற்களோ வரைபடக் கட்ட எண்ணோ போதும். "ஜான் வயலுக்குப் பின்னால்" என்றால் நாற்பது மைல் தள்ளி இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் புரியாது.

டிராக்டர் ஜிபிஎஸ், குவாட் பைக் திருட்டுப் போகாமல் தடுப்பது எப்படி?

ஜிபிஎஸ் குமிழ் கழற்றக்கூடியது என்றால் இரவில் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கருவிக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள், வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், அஞ்சல் குறியீட்டைப் பொறியுங்கள். குவாட் பைக்கின் சாவியை அதிலேயே விடாதீர்கள். இது எல்லாருக்கும் தெரியும். அறுவடைக் களைப்பில் யாரும் செய்வதில்லை. அதனால்தான் நினைவூட்டல் செய்தி அறுவடைக்கு முந்தைய வாரம் போக வேண்டும்.

எங்கள் நிலத்தில் யாரோ குப்பை கொட்டிவிட்டுப் போகிறார்கள். கவுன்சில் அள்ளுமா?

பொது இடமென்றால் அள்ளும். தனியார் நிலமென்றால் அகற்றுவது நிலக்காரரின் பொறுப்பு, செலவும் அவருடையது. கேட்கவே கசக்கும், ஆனால் சட்டம் அதுதான். அகற்றும் முன் படம் எடுங்கள். கையால் கிளறாதீர்கள், ஊசி, கல்நார் இருக்கலாம். உறைகளிலோ ரசீதிலோ முகவரி இருந்தால் அது ஆதாரம், எனவே கவுன்சில் அதிகாரி வந்து பார்க்கும் வரை தொடாமல் வைப்பது நல்லது.

கூட்டணிக்கு இதில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. மலிவாக அள்ளிப் போகிறேன் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்பவரிடம் கொடுத்த குப்பை வயலில் வந்து விழும்போது, குப்பையைக் கொடுத்த வீட்டுக்காரரும் பொறுப்பாவார். வாங்குகிறவர் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. 2023 ஜூலை 31 முதல் குப்பை கொட்டுபவருக்கு 1,000 பவுண்டு வரையும், கடமை தவறிய வீட்டுக்காரருக்கு 600 பவுண்டு வரையும் கவுன்சில் உடனடி அபராதம் விதிக்கலாம். வயல் வாசலில் கேமரா வைப்பதை விட, நகர எல்லையில் உள்ள வீடுகளுக்கு இந்த 600 பவுண்டைப் பற்றிய ஒரு துண்டறிக்கை கூடுதலாகப் பலன் தரும் என்றே நினைக்கிறோம். குப்பை உற்பத்தியாகும் இடம் அதுதான்.

தகவல் கேட்டால் 'டேட்டா புரொடெக்‌ஷன்' என்று கதவைச் சாத்துகிறார்களே?

1998 சட்டத்தின் 115ஆம் பிரிவு, குற்றத் தடுப்புக்குத் தேவையானால் உறுப்பினர் அமைப்புகளுக்குத் தகவல் தரும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. கவனியுங்கள், அதிகாரம்தான், கட்டாயம் இல்லை. ஆகவே தகவல் பகிர்வு ஒப்பந்தம் ஒன்றை முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும்: எந்தத் தகவல், எதற்காக, யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார். இது இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறையும் புது அதிகாரி புதுப் பயத்தோடு மறுப்பார். பெயர் சொல்லிப் பேசும் கூட்டம் வேறு, பாரிஷ் உறுப்பினரும் கடைக்காரரும் வரும் கூட்டம் வேறு. இரண்டையும் கலந்தால் முதலாவதில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

புகார் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன், யாரும் எதுவும் செய்யவில்லை. வேறு வழி?

தொடர் தொல்லை என்றால் 'ஏஎஸ்பி கேஸ் ரிவ்யூ' (சமூக விரோத நடத்தைப் புகார்களின் மறு ஆய்வு) கேளுங்கள். 'கம்யூனிட்டி டிரிகர்' என்பது இதன் பழைய பெயர். 2014ஆம் ஆண்டின் ஆன்டி-சோஷியல் பிஹேவியர், கிரைம் அண்ட் போலீசிங் சட்டம் தந்த உரிமை இது. ஆறு மாதத்துக்குள் மூன்று தகுதியான புகார் இருந்தால் போதும். அதற்கு மேல் எந்த மாவட்டமும் வரம்பு வைக்கக் கூடாது. ஒவ்வொரு புகாரையும் சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அதிகாரியிடம் தெருவில் நின்று சொன்னதைப் புகார் என்று நினைத்திருப்பார்கள். பதிவு எண் இருக்காது. ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, யாரிடம் சொன்னது, பதிவு எண் என்று ஐந்து பத்தி போட்டு எழுதுங்கள்.

மறு ஆய்வில் எல்லா அமைப்புகளும் என்ன செய்தோம் என்று மேசையில் வைத்தாக வேண்டும். தீர்வு உறுதி என்று சொல்ல முடியாது. ஆனால் கோப்பைத் திறந்தாக வேண்டிய கட்டாயம் பல நேரம் போதுமானதாக இருக்கிறது.

பாரிஷ் கவுன்சிலால் என்ன செய்ய முடியும்? அதிகாரமே இல்லையே.

இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1997ஆம் ஆண்டின் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் ரேட்டிங் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் பாரிஷ் கவுன்சில் கருவி பொருத்தலாம், திட்டம் நடத்தலாம், மற்றவருக்கு உதவலாம். கூடவே 1998 சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு கடமையும் வைக்கிறது: எந்த முடிவெடுத்தாலும் அது குற்றத்தை எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டு மைதானத்தின் புதரை வெட்டுவதும், ஊர் மண்டபக் கார் நிறுத்துமிடத்தில் விளக்குப் போடுவதும் இதில் அடங்கும்.

கேமரா வாங்கும் முன் நான்கு கேள்விகள். எந்தக் குற்றத்துக்காக? பதிவை யார் எடுத்துக் கொடுப்பார்? எத்தனை நாளில் அழியும்? மூன்றாம் ஆண்டில் பழுதானால் பணம் எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வாங்கிய கேமராக்கள் கண் திறந்தபடி குருடாகக் கம்பத்தில் நிற்கும். இருட்டில் வண்டி எண் தெரியாத கேமராவும் அலங்காரப் பொருள்தான். வாங்கும் முன் இரவில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழு போதாதா?

குழு நல்லதுதான். அண்டை வீட்டுக் கண்காணிப்பு என்பதே பிரிட்டனில் 1982இல் செஷையரின் மாலிங்டன் என்ற சிறு கிராமத்தில் தொடங்கியதுதான். ஆனால் குழுவில் போட்ட செய்தி புகார் ஆகாது. ஐம்பது பேர் வெள்ளை வேனைப் பற்றிப் பேசியிருப்பார்கள், ஒருவர்கூட 101ஐ (அவசரமில்லாத போலீஸ் எண்) அழைத்திருக்க மாட்டார். முதலில் போலீஸ், பிறகு குழு. செய்தியோடு போலீஸ் தந்த புகார்ப் பதிவு எண்ணையும் போடுவது என்று விதி வையுங்கள். பெயரும் முகமும் போட்டு 'திருடன்' என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம், அடையாள அணிவகுப்பும் கெடும். இன்னொன்று: 'அறிமுகமில்லாத முகம்' என்பது தகவல் அல்ல. எந்த நிறத்து ஆள் என்பதை விட என்ன செய்தார் என்பதை எழுதச் சொல்லுங்கள். இந்த விதி ஏன் வேண்டும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருடனை நாங்களே பிடித்து வைக்கலாமா?

1984ஆம் ஆண்டின் போலீஸ் அண்ட் கிரிமினல் எவிடென்ஸ் சட்டத்தின் 24ஏ பிரிவு பொதுமக்களுக்குக் கைது செய்யும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது கடுமையான வகைக் குற்றங்களுக்கு மட்டும். போலீஸ் செய்யும் அளவுக்கு நேரம் இல்லை என்பதும், ஓடிப்போவதையோ காயம், சேதம் ஏற்படுவதையோ தடுக்க அது அவசியம் என்பதும் இருக்க வேண்டும். வயலில் இருட்டில் நின்று இதையெல்லாம் எடைபோட முடியாது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு விலகுங்கள்.

கிராமக் கடையில் திருட்டு. 200 பவுண்டுக்குக் கீழே என்றால் போலீஸ் வராதாமே?

தவறான புரிதல். மேலே சொன்ன 2014 சட்டம் 200 பவுண்டு வரையிலான கடைத் திருட்டை எந்த நீதிமன்ற வழியில் விசாரிப்பது என்பதைத்தான் மாற்றியது. குற்றம் குற்றமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் புகார் கொடுங்கள். பொருள் பட்டியல், விற்பனை விலை, கேமரா பதிவின் நகல், சாட்சி வாக்குமூலம் ஆகியவற்றை முதல் நாளிலேயே தயார் செய்தால் வழக்கு நகரும். கேமரா கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கோடைகால நேரம் மாறும்போது ஒரு மணி நேரம் பிசகி நிற்கும் கடிகாரம் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்குப் பரிசு. ஒரே ஆள் ஐந்து கிராமக் கடைகளில் கைவைக்கிறார் என்பது கூட்டணி மேசையில் ஐந்து பதிவு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

ஒரு இடத்தில் அடைத்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள் அல்லவா?

சில சமயம். முழுவதும் நகர்வது அரிது என்பதே இந்தத் துறையின் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது. பல நேரம் பக்கத்து ஊருக்கும் சேர்த்தே நன்மை பரவுகிறது. கோர்சிங் போல வண்டியில் நெடுந்தூரம் வருபவர்கள் விஷயத்தில் நகர்வை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். மாவட்ட எல்லை அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் கூட்டணியின் வேலையா?

ஆம், வேலையில் அது ஒரு முக்கியமான பகுதி. தனித்த பண்ணை வீடு, பேருந்து இல்லாத ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்ற கூச்சம் ஆகியவை வெளியே வரும் வழியை அடைக்கின்றன. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்காக 'மராக்' என்ற பல்துறைக் கூட்டம் நடக்கிறது. 2003இல் கார்டிஃபில் தொடங்கிய முறை இது. குடும்ப வன்முறையில் உயிர் போனால் என்ன தவறியது என்று ஆராய்வதும் 2011 ஏப்ரல் முதல் கூட்டணியின் கடமை. தேசிய உதவி எண் 0808 2000 247, கட்டணமில்லை, நாள் முழுதும். பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து 999 அழைத்தவர், கேட்கும்போது 55ஐ அழுத்தினால் அழைப்பு போலீஸுக்குப் போகும். சிக்னல் வேண்டும் என்பதால், எந்த அறையில் கிடைக்கிறது என்று முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனரிடமிருந்து (வட்டாரப் போலீஸை மேற்பார்வையிட மக்கள் தேர்ந்தெடுப்பவர்). முதல் கமிஷனர்களின் தேர்தல் 2012 நவம்பரில் நடந்தது. இந்தப் பதவியை 2028இல் நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டு அடுக்கு கவுன்சில்களை ஒன்றாக்கும் வேலையும் நடக்கிறது. ஆகவே மூன்றாண்டுக்கான செலவை ஒரே இடத்துப் பணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். விண்ணப்பத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்' என்று எழுதுவதை விட, '23 வாசல்களில் 9ஐ அடைப்போம், அக்டோபர் முதல் மார்ச் வரை நுழைவுப் புகார்களை முந்தைய மூன்று பருவங்களோடு ஒப்பிடுவோம்' என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: புகார் கொடுக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த ஆண்டில் எண்ணிக்கை ஏறும். அது தோல்வி அல்ல என்று பணம் கொடுப்பவரிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லி வையுங்கள்.

கூட்டம் நடக்கிறது, வேலை நடப்பதில்லை. என்ன கோளாறு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவரை அனுப்புகிறார்கள். அவர் "கேட்டுச் சொல்கிறேன்" என்று போய் அடுத்த காலாண்டில் வேறொருவர் வருகிறார். அல்லது முன்னுரிமை பதினான்கு இருக்கிறது. அல்லது நடவடிக்கைக் குறிப்பில் 'கூட்டணி' என்று பொறுப்பு போட்டிருக்கிறார்கள். பெயர் இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை. பதினான்கை மூன்றாக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் பெயர், ஒரு தேதி. கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் சென்ற முறை எழுதிய தேதிகளை வாசிப்பதற்கு.

எதற்கு எந்த எண்?

நடந்துகொண்டிருந்தால், உயிருக்கு ஆபத்தென்றால் 999. முடிந்துபோன குற்றத்துக்கு 101 அல்லது போலீஸ் இணையதளம். பெயர் சொல்லாமல் தகவல் தர கிரைம்ஸ்டாப்பர்ஸ் 0800 555 111. ஆனால் அங்கே பதிவு எண் கிடைக்காது, காப்பீட்டுக்கு உதவாது. அழைப்பு முடியும் முன் ஒன்று கேளுங்கள்: கொடுத்தது சம்பவ எண்ணா, குற்ற எண்ணா? அழைப்பு வந்ததற்கான அடையாளம்தான் சம்பவ எண். குற்றமாகப் பதிவானால்தான் குற்ற எண் வரும், கூட்டணியின் கணக்கிலும் ஏறும். இரண்டு நாளில் வராவிட்டால் மறுபடி அழையுங்கள்.